பனிப் பாதையில் நாலு மீட்டர்

செப்டம்பரில் கேம்பர் வேன் வாங்கிய நாளிலிருந்து வீப்கேவுக்கும் செவரினுக்கும் அதைப் பற்றி ஒரு சண்டையும் வந்ததில்லை. படுக்கைக்கு என்ன மெத்தை, சன்னலுக்கு என்ன நிறத் திரை, அடுப்புக்குப் பக்கத்தில் தேநீர் டப்பாவுக்கு எவ்வளவு இடம் என்று எல்லாவற்றிலும் ஒருவர் வாயைத் திறக்குமுன்பே மற்றவர் தலையாட்டினார். டயர் என்று பேச்சு வந்ததும்தான் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டார்கள்.

பேச்சு வந்த இடம் நெவினின் டயர் கடை. சொந்தோஃபென் ஊரில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது அது. நெவின் வேனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் சேற்றைத் துடைத்து, டயரின் ஓரத்தில் அது செய்த காலத்தைக் குறிக்கும் நாலு எண்களைப் படித்தாள்.

"ஒன்பது வருஷ டயர். பட்டன் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரப்பர் கல்லாயிடுச்சு. நகத்தால அழுத்திப் பாருங்க. பனிக்கு ஏத்த டயர்னு காட்ட, மலைக்குள்ள பனிப்பூ வரைஞ்ச முத்திரை போடுவாங்க, அதுவும் இதுல இல்ல. இதைப் போட்டுட்டுப் பனியில போனா, போலீஸ் நிறுத்தினா அபராதம், நிறுத்தலேன்னா பள்ளம்."

"அப்போ மாத்திடலாம்," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"வருஷ டயர்," என்றாள் வீப்கே.

"பனி டயர்," என்றான் செவரின்.

ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நெவின் எழுந்து நின்று, கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சண்டை முடியட்டும் என்று காப்பி போடப் போய்விட்டாள்.

வீப்கே வடகடல் ஓரத்துக்காரி. அவள் பிறந்த ஊரில் உயரமானது எது என்று கேட்டால் கடலைத் தடுக்கும் மண்கரையைத்தான் காட்டுவார்கள். செவரினைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பாதி ஊரின் கண் அவள் கையில் சோதனைக்கு வந்து போனது. செவரின் தபால்காரன். மலைப் பண்ணைகளுக்குப் பதினெட்டுக் குளிர்காலமாக மஞ்சள் வண்டியில் கடிதம் கொண்டுபோகிறவன்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏப்ரலில் போர்ச்சுகல் வரை போவதாக இருவரும் முடிவுசெய்திருந்தார்கள். முழுவருட டயர் என்றால் ஒரே செட்டில் பனியும் வெயிலும் போய்விடும். வருடத்துக்கு இரண்டு தடவை கழற்றி மாட்ட வேண்டாம். கழற்றியதை வைக்கவும் இடமில்லை. வீட்டின் நிலவறை முழுக்கச் செவரினின் பனிச்சறுக்குப் பலகைகள்.

"பனிப்பூ முத்திரை வருஷ டயர்லயும் இருக்கு. சட்டமே ஒத்துக்குது, உனக்கு என்ன?" என்றாள்.

"சட்டம் ஆபீஸ்ல உக்காந்து எழுதினது. ஓபர்யோஹ் கணவாய் ரோட்டுல நூறு வளைவு இருக்கு. மூணேகால் டன் வண்டி. பனியைப் படத்துல பார்த்து வளர்ந்தவ நீ, உனக்கு எங்க தெரியும்?"

"ஆறு வருஷமா இங்க என்ன தேங்காயா உரிக்கிறேன்?"

"நீ எதுக்குக் கவலைப்படுற? பனி விழுந்தா நான்தானே ஓட்டப் போறேன்."

அதுதான் வீப்கேவுக்குச் சுருக்கென்று தைத்தது. டயர் ஒரு பக்கம் கிடக்கட்டும். பனி விழுந்தால் அவன்தான் ஓட்டுவான் என்று எப்போது, யார், எங்கே முடிவுசெய்தது?

அவசரம் வேறு கழுத்தைப் பிடித்தது. அடுத்த வாரம் கணவாய்க்கு அந்தப் பக்கம் டன்ஹைம் பள்ளத்தாக்கில் ஆள் ஏற்றிப் பறக்கும் பலூன்கள் கூடுகின்றன. மூன்று வருடமாகக் காத்துக் காத்து, இந்தத் தடவைதான் வீப்கேவுக்குக் கூடையில் இரண்டு இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கடையில் கண் சோதனைக்கு வந்தவர்களிடமெல்லாம் எழுத்தைப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் பலூன் கதையைச் சொல்லித் தீர்த்திருந்தாள்.

நெவின் மூன்று கோப்பையோடு வந்தாள். "முடிஞ்சுதா?"

"இல்ல," என்றாள் வீப்கே. "நீங்க சொல்லுங்க, எது?"

"நான் விக்கிறவ. நான் எதைச் சொன்னாலும் நாளைக்கு ஒருத்தர் என்னைத் திட்டுவீங்க." நெவின் ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தாள். "ஒண்ணு செய்யலாம். இதே வேன் வச்சிருந்த ஒருத்தர் வண்டியை வித்துட்டு, ரிம்மோட பனி டயர் ஒரு செட் என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. ஒரே ஒரு சீசன்தான் ஓடியிருக்கு. வருஷ டயரும் புதுசா ஒரு செட் ரிம்ல ஏத்தி வச்சிருக்கேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்கயாவது பனி கிடக்கிற சொந்த நிலம் இருந்தா சொல்லுங்க. ஜாக்கியைத் தூக்கிட்டு நானே வரேன். ஓட்டிப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

வீப்கேவின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "அலோய்ஸ் பண்ணை!" என்றாள்.

அலோய்ஸ் செவரினின் தம்பி. இருபத்திரண்டு மாடு, ஒரு டிராக்டர், ஊரையே கூட்டும் வாய். பண்ணைக்கு மேலிருந்து தொழுவம்வரை இறங்கும் சரிவுப் பாதை அவனுக்குச் சொந்தம். நேர்ப்பாதை, ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. செய்தி அவன் காதில் விழுந்த மறுநிமிடம் தொலைபேசியில் கத்தினான்: "அண்ணி, உங்க எருமை வேனைக் கொண்டு வாங்க! பாதையை நான் டிராக்டரை விட்டு அமுக்கி வைக்கிறேன். அண்ணன் குப்புற விழுறதைப் பார்க்க ஊரே வரும்!"

ஊர் வந்துதான் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் ஏறிப் போனபோது வேலியோரம் முப்பது பேர் நின்றார்கள். யாரோ மேசை போட்டுச் சாசேஜ் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்புப் படைக்காரர்கள் இருவர் அளவு நாடாவோடு நின்றார்கள். மாடுகள்கூடத் தொழுவத்துச் சன்னல் வழியாகத் தலையை நீட்டின. வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

விதியை நெவின் சொன்னாள். "மேல இருந்து முப்பது கிலோமீட்டர் வேகத்துல வரணும். அந்தச் சிவப்புப் பால் கேன் பக்கத்துல வந்ததும் பிரேக்கை முழுசா மிதிக்கணும். நின்ன இடத்துல அளப்போம். நான் பக்கத்துல உக்காந்து வேகத்தைப் பார்த்துக்கிறேன்."

அவரவர் டயரில் அவரவர் ஓட்டுவது என்று ஏற்பாடு. கடைசியில் வேன் தொழுவத்தில் போய் முட்டாமல் இருக்க அலோய்ஸ் வைக்கோல் கட்டுகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தான்.

முதலில் செவரின். பனி டயர் மாட்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். வேன் மேலே இருந்து உறுமிக்கொண்டு வந்தது. வேலியோரம் ஒரே கூச்சல். செவரின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தான். கேனைத் தாண்டினான். பிறகுதான் பிரேக் விழுந்தது. வண்டி கடகடவென்று நடுங்கிக்கொண்டு வழுக்கிப் போய், வைக்கோல் கட்டு ஒன்றில் மூக்கை நுழைத்து நின்றது.

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

"தபால் வந்துடுச்சு!" என்று கத்தினான் அலோய்ஸ். "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க!"

நாடாக்காரர்கள் அளந்தார்கள். இருபத்தாறு மீட்டர். செவரின் காதுவரை சிவந்து இறங்கி வந்தான்.

நெவின் ஜாக்கி போட்டாள், அலோய்ஸ் நட்டுகளைக் கழற்றினான், இருபது நிமிடத்தில் முழுவருட டயர் ஏறியது. வீப்கே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இத்தனை பேர் பார்க்க அவள் எதையும் செய்து பழகியதில்லை. சீட்பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"பயமா?" என்றாள் நெவின்.

"பயமில்ல. குதிக்கணும் போல இருக்கு."

கண் கூட்டத்தின் பக்கம் போகவில்லை. வேக முள்ளையும் கேனையும் மட்டும் பார்த்தாள். முப்பது. சிவப்பு அருகில் வந்தது. மிதித்தாள். மிதி பாதத்துக்கடியில் படபடவென்று துடித்தது, வண்டி நேராகப் போய், மெதுவாகி, நின்றது. முன்னால் வைக்கோல் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

"இருபது!" என்று கூவினார் நாடாக்காரர்.

வேலியோரம் ஆரவாரம் கிளம்பியது. தொப்பிகள் பறந்தன. யாரோ அவளைத் தூக்கி இறக்கினார்கள். கடலோரத்துக்காரி மலைக்காரனை ஆறு மீட்டரில் அடித்துவிட்டாள். அலோய்ஸ் அவள் கையில் சாசேஜைத் திணித்து, "அண்ணி, இனிமே ஊருக்குத் தபால் நீங்களே கொண்டு வந்துடுங்க," என்றான்.

வீப்கே சிரித்துக்கொண்டே கடித்தாள். அவளுடைய டயர் ஜெயித்தது, அவளும் ஜெயித்தாள். செவரின் தோற்ற முகத்தோடு, ஆனாலும் நேர்மையாக வந்து கை நீட்டினான். "சரி. வருஷ டயர்தான். வாங்கிடலாம்."

அவள் கையைப் பிடித்தாள். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. கடையில் வலது கண்ணைச் சோதிக்கும்போது இடது கண்ணை மூடுவாள். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு சோதித்தால் எந்தக் கண்ணில் குறை என்று எப்படித் தெரியும்?

"நெவின்," என்றாள், "இவர் எத்தனையில வந்தாரு?"

நெவின் செவரினைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள். "கேட்டதால சொல்றேன். முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா!" என்று அலோய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கை ஆட்டினதுல முள்ளைப் பார்க்கல," என்று முனகினான் செவரின்.

"அப்போ இந்தக் கணக்கு செல்லாது," என்றாள் வீப்கே. "பனி டயரை மறுபடி மாட்டுங்க. நான் ஓட்டுறேன்."

"அண்ணி, ஜெயிச்சாச்சு! விட்டுத் தொலைங்க!"

"ஜெயிச்சது நானா டயரான்னு தெரியலையே அலோய்ஸ்."

கூட்டத்துக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. சாசேஜைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் ஓடி வந்து சக்கரத்தைப் பிடித்தார்கள். இந்தத் தடவை பன்னிரண்டே நிமிடம். வீப்கே மேலே போனாள், திரும்பினாள், இறங்கினாள். முள் முப்பதில் அசையாமல் நின்றது. கேன். மிதி. இப்போது வண்டி பனியைக் கவ்விக்கொண்டு நின்ற விதமே வேறாக இருந்தது. சீட்பெல்ட் தோளில் இறுகியது.

"பதினாறு!"

வீப்கே இறங்கி, பனியில் முன்பு நின்ற இடத்துத் தடம்வரை நடந்து போனாள். நாலு மீட்டர். பெரிய எட்டாக வைத்தால் ஐந்து எட்டு. கடையில் எழுத்துப் பலகைக்கும் நாற்காலிக்கும் இடையில் உள்ள தூரத்தைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் நின்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். ஒரு மாடு நின்றால் முழுதாக அதற்குள் அடங்கும். ஒரு மனிதன் நின்றால் தாராளமாக அடங்குவான்.

"பனி டயர்," என்றாள்.

செவரினுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"பனி டயரை வாங்கலாம். போர்ச்சுகலுக்கு வேற செட் போட்டுக்குவோம்."

"கழட்டினதை என் கொட்டகையில வச்சுக்கிறேன்," என்றாள் நெவின் சட்டென்று. "அங்க இடம் இருக்கு."

செவரின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் சத்தமாகவே சொன்னான்: "டயர் விஷயத்துல நான் சொன்னது சரி. ஓட்டுற விஷயத்துல நான் சொன்னது தப்பு. வெள்ளிக்கிழமை பலூனுக்குக் கிளம்பும்போது நீ ஓட்டு."

"நிஜமாவா?"

"முப்பத்தெட்டுல வந்து வைக்கோலைத் தின்னவன் நான். என்கிட்டயா கேட்கிற?"

அவள் பனியில் நின்றபடியே ஒரு குதி குதித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் கிளம்பும்போதே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. வெயில் வரும் என்று சொன்ன வானிலை அறிக்கையைச் செவரின் ஒரு முறை திட்டினான். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டான். அப்படி மூடிக்கொண்டிருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது வீப்கேவுக்குத் தெரிந்தது. வளைவு வரும்போதெல்லாம் அவனுடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"கால் வலிக்கலையா?" என்றாள்.

"பழக்கம்."

பாட்டிலும் பாத்திரமும் பின்னால் கிலுகிலுத்தன. வளைவு மேல் வளைவாக ஓபர்யோஹ் சாலை ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரியும் ஆழம். துடைப்பான் தள்ளத் தள்ளக் கண்ணாடி வெள்ளையானது. வீப்கேவுக்குப் பயம் வர வேண்டிய இடத்தில் உற்சாகம் வந்தது. பெருக்கெடுத்து வந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள், இரண்டாம் கியரில், முப்பதைத் தாண்டாமல்.

அந்தப் பாட்டு ஒரு வளைவில் பாதியில் நின்றது. திரும்பியதும் எதிரே சாலைக்குக் குறுக்காக ஒரு சின்னச் சிவப்புக் கார். மேலிருந்து இறங்கும்போது சுழன்று நின்றிருக்க வேண்டும். அதற்கு முன்னால், சாலை நடுவில், ஒரு மனிதர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீப்கே மிதித்தாள். பாதத்துக்கடியில் துடிப்பு. செவரினின் காலும் தரையை மிதித்தது. வண்டி பனியைக் கவ்வியது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. அந்த மனிதரின் மீசையில் ஒட்டியிருந்த பனித்துகள்கூடத் தெரிந்தது. அவர் கையைத் தூக்கியபடியே அசையாமல் நின்றார்.

"அடேங்கப்பா," என்றான் செவரின் மூச்சுக் காற்றாக. கதவைத் திறந்து குதித்தான். வீப்கே அபாய விளக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்னால் வந்த வண்டிக்காரர்களை நிறுத்தினாள். ஆறு பேர் சேர்ந்து காரைத் தள்ளி ஓரமாகத் திருப்பினார்கள். கார்க்காரர் வீப்கேவிடம் வந்தார்.

"நீங்க நிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன் அம்மா. நிஜமா நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்க நேரமானது. செவரின் அவரைக் காரில் உட்காரவைத்து, கீழே கிராமத்திலிருந்து உதவிக்கு ஆளைத் தொலைபேசியில் வரச்சொன்னான்.

பிறகுதான் கஷ்டமான வேலை. நின்ற இடம் செங்குத்து. பின்னால் எட்டு வண்டி. வீப்கே முதல் கியரில் எடுத்தாள். முன்சக்கரம் விர்ரென்று சுழன்று பனியைத் துப்பியது. வண்டி அரையடி பின்னால் நழுவியது. செவரின் வாயைத் திறந்தான், மூடினான்.

"சொல்லு," என்றாள். "உள்ளேயே வச்சுக்கிட்டு வெடிச்சுடப் போற."

"ரெண்டாம் கியர். கிளட்ச்சை மூச்சு விடுற மாதிரி விடு. ஆக்சிலேட்டரை மறந்துடு."

அப்படியே செய்தாள். சக்கரம் ஒரு தடவை தடுமாறியது, பிறகு பிடித்தது. மூணேகால் டன்னும் அங்குலம் அங்குலமாக ஏறத் தொடங்கியது. பின்னாலிருந்த வண்டிகள் எட்டும் ஒன்றாக ஹாரன் அடித்தன. செவரின் கண்ணாடியில் அறைந்து வேனை நோக்கிக் கத்தினான், "ஏறுடி எருமை, ஏறு!" வீப்கேவும் சேர்ந்து கத்தினாள். கணவாய் உச்சியைத் தொடும்வரை இருவரும் கத்திக்கொண்டேதான் போனார்கள்.

அன்று இரவு பனி ஓய்ந்தது. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பள்ளத்தாக்கின் வெள்ளைத் தரையில் பலூன்கள் ஒவ்வொன்றாக வயிறு உப்பி எழுந்தன. மஞ்சள், ஊதா, கோடு போட்ட பச்சை. வீப்கேவும் செவரினும் பிரம்புக் கூடைக்குள் ஏறினார்கள். தலைக்கு மேலே தீ சீறியது. அவர்கள் கவனிக்குமுன்பே தரை கீழே போயிருந்தது.

தேவதாரு மரங்கள் புல் மாதிரி ஆயின. அவர்களுடைய வேன் கூடாரத் திடலில் ஒரு சர்க்கரைக் கட்டியாகத் தெரிந்தது. வீப்கே கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் குளிரால் வந்ததா சந்தோஷத்தால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வடக்கே கணவாய்ச் சாலை ஒரு நூல் போல வளைந்து வளைந்து கிடந்தது.

செவரின் மட்டும் கூடைக்குள் அங்கும் இங்கும் எதையோ தேடினான். பலூன் ஓட்டும் பெண்ணிடம் கேட்டான்: "இதுக்கு பிரேக் எங்க இருக்கு?"

"பிரேக்கா? கிடையாது. ஸ்டியரிங்கும் கிடையாது. காத்து போற பக்கம் நாம போறோம்."

செவரினின் முகம் போன போக்கைப் பார்த்து வீப்கே சிரிக்க ஆரம்பித்தாள். நடுங்கும் பிரம்பைப் பிடித்துக்கொண்டு, தீயின் சீறலையும் மீறி, அடக்க முடியாமல் சிரித்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் யாரோ ஒருவருடைய வயலில், முழங்கால் ஆழப் பனியில், கூடை மூன்று தடவை குதித்துக் கவிழ, இறங்கினார்கள். கூடைக்குள் செவரினின் மேலேயே அவள் கிடந்தாள். தொப்பி எங்கேயோ போயிருந்தது.

"இன்னொரு தடவை?" என்றாள்.

"முதல்ல எழுந்திரு, என் கால் மேல உக்காந்திருக்க," என்றான் செவரின். பிறகு வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு, "மத்தியானம் இடம் இருக்கான்னு கேளு," என்றான்.